தொட்டிக்கரியில் ஃபியூயல் செல் ஓடுமா?

கேள்வி – ஆகஸ்ட் 3, காலை 9.10

அண்ணா, காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குத் தொட்டிக்கரி யூனிட் இருக்குதுங்க. தேங்காய்த் தொட்டியைச் சுட்டு, நீராவியில் ஆக்டிவேட் பண்ணித் தண்ணீர் ஃபில்டருக்கு அனுப்புறோம். லேப் ரிப்போர்ட்டில் கிராமுக்கு 1,100 சதுர மீட்டர் பரப்புன்னு வந்திருக்குது. ஃபியூயல் செல்லில் பிளாட்டினத்தைப் பிடிச்சு வைக்க ஒரு கரி போடுறாங்களாம், வல்கன் எக்ஸ்சி-72ன்னு பேரு. அதோட பரப்பு 250 சுமார்தானாம். எங்க கரி நாலு மடங்கு. பரப்பு கூடினா பிளாட்டினம் நல்லாப் பரவும்னு நீங்களே பழைய பதிவில் எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் யாரும் தொட்டிக்கரியை எடுக்கறதில்லை?

ஆகஸ்ட் 3, இரவு 10.40

உங்கள் கரியில் ஃபியூயல் செல் ஓடும். ஆனால் நீடிக்காது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபியூயல் செல்லில் ஹைட்ரஜன் ஒரு முனையில் (ஆனோடு), காற்றின் ஆக்சிஜன் மறுமுனையில் (கேத்தோடு), நடுவே புரோட்டானைக் கடத்தும் சவ்வு; இரண்டும் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரம் வரும். பிளாட்டினம் அந்த வினையைத் தூண்டும் வினையூக்கி, கரி அதைத் தாங்கும் தளம்.

அந்தப் பழைய பதிவில் நான் எழுதியது பாதி விஷயம். பரப்பு கூடினால் பிளாட்டினம் பரவும் என்பது சரி. எந்தப் பரப்பு என்று அங்கே எழுதவில்லை. நீராவியில் ஆக்டிவேட் செய்த தொட்டிக்கரியில் பெரும்பகுதிப் பரப்பு 2 நானோமீட்டருக்கும் குறுகலான துளைகளின் உட்சுவர். லேப்பில் நைட்ரஜன் வாயுவை விட்டு அளக்கிறார்கள். நைட்ரஜன் மூலக்கூறு பொடிசு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். நாம் கரிமேல் உட்கார வைக்கும் பிளாட்டினத் துகளோ 3 நானோமீட்டர் சுமார். எறும்பு வளைக்குள் கோலிக்குண்டு போகாது. ரிப்போர்ட்டில் 1,100 என்று இருந்தாலும் பிளாட்டினத்துக்குக் கிடைப்பது மேல்தோல்தான். துளைகளால் இந்த வேலையில் பயன் இல்லை.

வல்கன் வேறு சாதி. எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் புகைக்கரி அது, விளக்கில் பிடிக்கும் மை மாதிரி. முப்பது நானோமீட்டர் சுமாருள்ள உருண்டைகள் திராட்சைக் கொத்துபோல் ஒட்டியிருக்கும். பரப்பில் பெரும்பங்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

அப்புறம் ஆயுள். கேத்தோடு பக்கத்துக் கரிக்கு வாய்த்த இடம் பொல்லாதது. எண்பது டிகிரிச் சூடு, ஈரம், ஆக்சிஜன், அமிலம், இத்தனைக்கும் நடுவில் பிளாட்டினமும் மடியில் உட்கார்ந்து தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். ஃபியூயல் செல் வண்டி சாதாரணமாக ஓடும்போது 0.6 முதல் 0.9 வோல்ட் வரை. அதுவரை கரிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால்தான் அரிப்பு. மீதி நாளைக்கு.

ஆகஸ்ட் 4, காலை 6.50

நேற்று இரவு எழுதியதில் ஒரு வரி தப்பு. "0.9 வரை ஒன்றும் ஆகாது" என்பதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கரியும் தண்ணீரும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகும் வினையின் திட்ட மின்னழுத்தம் வெறும் 0.207 வோல்ட். அதற்கு மேலே எந்த நிலையிலும் கரி அழியத் தயாராகத்தான் இருக்கிறது. வினை மிக மெதுவாக நடக்கிறது, அதனால் மட்டுமே கரியை வைத்துப் பிழைப்பு நடக்கிறது. வோல்ட் ஏற ஏற அந்த மெதுவும் போய்விடும். 1.2 தாண்டினால் கண்முன்னே அரிக்கும்.

ஆகஸ்ட் 4, இரவு 11.25

உங்கள் கேள்வி என்னை உலுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. இதே வேலையை நானே செய்து பார்த்தவன்.

பல வருடம் முன்பு ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். தேங்காய் ஓட்டுக் கரியில் 20 சதவீதம் பிளாட்டினம் ஏற்றி, சுழல் மின்முனையில் சோதித்தேன். அமிலக் கரைசலில் ஒரு பென்சில் முனை அளவு கண்ணாடிக்கார்பன் தட்டு சுழலும், அதன்மேல் நம் வினையூக்கி ஒரு சொட்டு மையாகக் காய்ந்திருக்கும். அறை வெப்பம், சுத்தமான கரைசல், அரை மணி வேலை. வோல்ட்டுக்கு ஏற்ற மின்னோட்டத்தைக் காட்டும் வளைவு அழகாக வந்தது. கடையில் வாங்கிய வல்கன் வினையூக்கியைவிட ஒரு முடி முன்னே நின்றது. துள்ளிக் குதித்தேன். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

பிறகு அதையே சவ்வில் தெளித்து, சூடாக அழுத்தி, 25 சதுர சென்டிமீட்டர் செல்லாகக் கட்டினேன். கரியின் தாக்குப்பிடிப்பைச் சோதிக்க ஒரு வழக்கமான முறை உண்டு: 1.0 வோல்ட்டுக்கும் 1.5 வோல்ட்டுக்கும் இடையே விநாடிக்கு அரை வோல்ட் வேகத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது. அமெரிக்க எரிசக்தித் துறையின் முறையில் மொத்தம் 5,000 சுற்று, ஒரு சுற்றுக்கு 2 விநாடி. அதாவது மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் செல் 1,000 சுற்றில் படுத்துவிட்டது.

அங்கே நிறுத்தி எடுத்த மின்னோட்ட வளைவு இன்னும் கண்ணில் நிற்கிறது. 0.6 வோல்ட் பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு மேடு எழும்பியிருந்தது, போகும்போதும் வரும்போதும். கரியின் விளிம்புகளில் ஆக்சிஜன் ஒட்டி குயினோன் வகைக் குழுக்களாக மாறினால் இந்த மேடு வரும். கரி துருப்பிடிக்க ஆரம்பித்ததற்கான முதல் அடையாளம் அது. செல்லைப் பிரித்து, குறுக்கே வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், தொடக்கத்தில் 12 மைக்ரான் இருந்த அடுக்கு சில இடங்களில் 5 மைக்ரானாகச் சப்பையாகிக் கிடந்தது. கரி கரைந்துபோகத் துளைகள் இடிந்து, பிளாட்டினத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கட்டியாகிவிட்டன. காற்று போக வழி இல்லை, தண்ணீர் வெளியேறவும் வழி இல்லை.

சுழல் மின்முனையில் ஜெயித்தது செல்லில் ஜெயிக்கும் என்று நினைத்ததுதான் அன்று நான் செய்த பிழை. அந்த அரை மணி நேரச் சோதனை ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

ஆகஸ்ட் 5, மதியம் 1.15

இடையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஓடும் வண்டியில் 0.9 தாண்டாதென்றால் 1.5 வோல்ட் எங்கிருந்து வருகிறது, சோதனைக்காகச் செயற்கையாக வதைக்கிறீர்களா என்று. நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமலே பல காலம் செல்கள் செத்துக்கொண்டிருந்தன.

வண்டியை நிறுத்திவைத்தால் ஆனோடு பக்கம் ஹைட்ரஜன் போய் மெல்லக் காற்று நிரம்பும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்கிறீர்கள். ஹைட்ரஜன் ஒரு முனையிலிருந்து நுழைகிறது. ஒரு கணம், ஆனோடு வாய்க்காலில் பாதி ஹைட்ரஜன், பாதி காற்று. ஹைட்ரஜன் இருக்கும் பாதி வழக்கமான செல்லாக வேலை செய்து, மறுபாதியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. காற்று இருக்கும் பாதியில் ஆனோடிலேயே ஆக்சிஜன் வினை நடக்க ஆரம்பிக்கும். அதற்குப் புரோட்டான் வேண்டும். எங்கிருந்து எடுப்பது? எதிரே இருக்கும் கேத்தோடிலிருந்து. கேத்தோடில் கொடுக்கக் கரியும் தண்ணீரும்தான் இருக்கின்றன. கேத்தோடின் அந்தப் பகுதி 1.5 வோல்ட் அளவுக்கு எகிறி, கரி எரிகிறது. வெளியே வோல்ட்மீட்டரில் ஒன்றும் தெரியாது! மொத்த செல்லும் ஒழுங்காகத்தான் காட்டும்.

அமெரிக்க ஃபியூயல் செல் நிறுவனமான யுடிசியின் ரைசரும் கூட்டாளிகளும் 2005இல் இதை விளக்கி எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த நாளன்று என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செல்லின் திறன் கொஞ்சம் இறங்கியிருந்ததைக் குறித்துவைத்திருந்தேன், பக்கத்தில் கேள்விக்குறியோடு. சனி, ஞாயிறு நிறுத்திவைத்ததுதான் காரணம்.

ஆகஸ்ட் 5, இரவு 9.30

ஒரு சின்னக் கணக்கு. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கேத்தோடில் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லிகிராம் பிளாட்டினம், கரியும் அதே எடை என்று வையுங்கள். ஒரு கார்பன் அணு கார்பன் டை ஆக்சைடாகப் போனால் 4 எலக்ட்ரான். 0.4 மில்லிகிராம் கரி முழுதும் தீர 12.9 கூலும் மின்னூட்டம் போதும். முழுதும் தீர வேண்டியதில்லை, பத்தில் ஒரு பங்கு போனாலே அடுக்கு தளர்ந்து செல்லின் கதை முடியும். அப்போது 1.29 கூலும்.

அரிப்பு மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால், அந்தப் பத்தில் ஒரு பங்கு 358 மணி நேரத்தில் போய்விடும். செல் தருகிற மின்னோட்டமோ சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் அளவில். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வழிதவறினால் இரண்டு வாரம்தான் ஆயுள். கனரக லாரிகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் 2030 இலக்கு 25,000 மணி. அதற்குச் சராசரி அரிப்பு 14 நானோ ஆம்பியருக்குள் அடங்க வேண்டும்.

வினையூக்கி ஆராய்ச்சி என்றால் எல்லோரும் பிளாட்டினத்தையே பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து கரிமேல்தான் கவலை.

ஆகஸ்ட் 6, இரவு 10.05

கேள்வி கேட்ட தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார்: "கரியில் ஒழுங்கு இல்லைன்னா 2,800 டிகிரியில் சுட்டுட்டா கிராஃபைட் ஆயிடாதுங்களா? சூளையைத் தேடிக்கலாம்."

வல்கனுக்கு இதைத்தான் செய்கிறார்கள். பாஸ்பாரிக் அமில ஃபியூயல் செல் காலத்து ஆட்கள் கரி அரிப்பைக் கண்டு நொந்து கண்ட வழி இது. கினோஷிதாவும் பெட்டும் அமிலத்தில் கரி ஆக்சிஜனேற்றம் அடைவதை 1973லேயே அளந்து எழுதிவிட்டார்கள். 2,000 டிகிரிக்கு மேலே மந்த வாயுவில் சூடேற்றினால் புகைக்கரி உருண்டைகளின் ஓடு சீரான கிராஃபைட் தகடுகளாக அடுக்கிக்கொண்டு பட்டை தீட்டிய மணிபோல் ஆகும். அரிப்பு விளிம்புகளில்தான் தொடங்கும் என்பதால், விளிம்பு குறைந்தால் ஆயுள் கூடும்.

ஆனால் தொட்டிக்கரி அந்த வழிக்கு வராது. இதைக் கண்டு சொன்னவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டிஎன்ஏ படத்துக்காக எல்லோருக்கும் தெரிந்த அதே ஃபிராங்க்ளின்தான். அதற்கு முன்னால் அவர் பாரிஸில் கரிகளை எக்ஸ்-ரேயில் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951இல் வெளிவந்த கட்டுரையில் கரிகளை இரண்டாகப் பிரித்தார்: சூடேற்றினால் கிராஃபைட் ஆகிறவை, எவ்வளவு சூடேற்றினாலும் ஆகாதவை. சுடும்போது ஒரு கட்டத்தில் இளகிக் குழம்பாகிறவை முதல் வகை, தார், பெட்ரோலியம் கோக் போல. இளகும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிய நேரம் கிடைக்கிறது. மரம், சர்க்கரை, தேங்காய் ஓடு இளகாமலே கெட்டியாகக் கரியாகும். அடுக்குகள் தாறுமாறாகக் குறுக்கிணைந்து பூட்டிக்கொள்ளும். 3,000 டிகிரியிலும் பூட்டுத் திறக்காது.

உங்கள் கரியைத் தரையில் தட்டினால் கணீரென்று கேட்குமே, அந்தக் கெட்டித்தனம் இந்தப் பூட்டால்தான். தண்ணீர் ஃபில்டரில் உதிராமல் வருடக்கணக்கில் நிற்பதும் அதனால்தான். ஒரே குணம், அங்கே வரம், இங்கே இடைஞ்சல்.

சுட்டால் கொஞ்சம் பலன் இருக்காதா என்றால், இருக்கும். அரிப்பு குறையும். ஆனால் நீங்கள் பெருமையாகச் சொன்ன 1,100 காணாமல் போகும், துளைகள் மூடிக்கொள்ளும். சூளைக்கு மின்சாரம் கட்டி, கையில் இருந்ததையும் இழந்து நிற்போம்.

ஆகஸ்ட் 7, காலை 7.20

இரும்பு உப்பு கலந்து சுட்டால் 1,000 டிகிரியிலேயே கிராஃபைட் ஆகிறதே என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். ஆகிறது, மறுக்கவில்லை. இரும்போ நிக்கலோ கரியைக் கரைத்துக் கரைத்துத் திரும்பக் கக்கும்போது அடுக்காகக் கக்கும். பிறகு அந்த இரும்பைக் கடைசித் துளிவரை வெளியே எடுக்க வேண்டும். கிராஃபைட் கூட்டுக்குள் சிக்கிய இரும்பை அமிலம் தொடாது. செல்லில் அது எப்போதாவது வெளியே வரும். வந்தால் கரியோடு நிற்காது, சவ்வையும் தின்னும். இதை அப்புறம் தனியாக எழுத வேண்டும், பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 8, இரவு 11.50

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கரியே இல்லாமல் செய்யக்கூடாதா" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அப்படித்தான் செய்தார்கள். 1965இல் ஜெமினி விண்கலத்தில் பறந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஃபியூயல் செல்லில் கரி கிடையாது, வெறும் பிளாட்டினம் பிளாக், அதாவது பிளாட்டினத்தின் நுண்பொடி. விண்வெளிக்குச் செல்லும் பொருளுக்கு விலை பார்க்க வேண்டியதில்லை. பூமிக்கு இறக்க வேண்டுமென்றால் பிளாட்டினத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கக் கரி வேண்டும். எண்பதுகளில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ராய்ஸ்ட்ரிக் ஒரு எளிய காரியம் செய்தார். சவ்வு செய்யும் புரோட்டான் கடத்தும் பிளாஸ்டிக்கான நேஃபியானின் கரைசலைக் கரி மின்முனையில் பூசி ஊறவிட்டார். புரோட்டான் எல்லாத் துகளையும் எட்டியது, 4 மில்லிகிராம் பிளாட்டினம் செய்த வேலையை 0.4 மில்லிகிராம் செய்தது. அங்கே அதைத் தொடர்ந்து மெருகேற்றியவர்களில் ஒருவர் சுப்பிரமணியம் சீனிவாசன், சிலோன் பல்கலைக்கழகத்தில் படித்துப் போனவர். ஃபியூயல் செல் மின்வேதியியலுக்கு அவர் எழுதிய நூல்களில்தான் என் தலைமுறை எழுத்துக்கூட்டிப் படித்தது.

இன்னொரு விலகல், ஆனால் பாதுகாப்பு விஷயம், வீட்டிலேயே செய்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதால். பிளாட்டினம் ஏற்றிய கரிப்பொடி காய்ந்திருக்கும்போது நேராக ஆல்கஹால் ஊற்றாதீர்கள். ஒரு சாயங்காலம் அவசரத்தில் ஊற்றினேன். குப்பியின் அடியில் ஊதுபத்தி முனைபோல் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது, அது பரவுவதைப் பார்க்கும் முன்பே தீ. முதலில் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துக்கொண்டு பிறகுதான் ஆல்கஹால். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

ஆகஸ்ட் 10, மாலை 4.30

இப்போது என் முதல் குறிப்பையே கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது. "துளைகளால் இந்த வேலையில் பயன் இல்லை" என்று முடித்திருந்தேன். ஞாயிறு முழுக்க அது உறுத்தியது.

முதலில், கிராஃபைட் ஆக்கிய கரி எல்லாவற்றுக்கும் மருந்து என்பதுபோல் எழுதிவிட்டேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். ஒட்டிக்கொள்ளக் குறைபாடும் இல்லை, ஆக்சிஜன் குழுவும் இல்லை. பிளாட்டினத் துகள் எண்ணெய் தேய்த்த தரையில் நடப்பதுபோல் வழுக்கிப் பக்கத்துத் துகளோடு சேர்ந்து பெரிசாகும். கரி பிழைக்கும், பிளாட்டினத்தின் பரப்பு போகும். தொடக்கத்திலேயே துகளைச் சிறிதாகப் பரப்புவதும் கஷ்டம். வினையூக்கி விற்கும் ஜப்பானின் தனகா நிறுவனம் அதிகப் பரப்புக் கரியிலும் கிராஃபைட் ஆக்கிய கரியிலும் பிளாட்டினம் ஏற்றி இரண்டையும் விற்கிறது. இரண்டையும் பக்கம் பக்கமாகக் கட்டி ஓட்டினால் முதல் நாள் முதலாவது ஜெயிக்கும், அரிப்புச் சோதனைக்குப் பிறகு இரண்டாவது. எதை எடுப்பது என்பது வண்டி தினம் எத்தனை முறை நின்று கிளம்புகிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, துளை. பிளாட்டினத்தைச் சுற்றி அயனோமர் என்கிற நேஃபியான் படலம் இருக்க வேண்டும், புரோட்டான் வர. ஆனால் அதன் சல்ஃபோனிக் முனை பிளாட்டினத்தில் ஒட்டி அதன் வேலையைக் கெடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. காவலுக்கு வைத்தவனே வாசலை அடைத்து நிற்கிறான். அப்படியானால் பிளாட்டினத்தை அயனோமர் நுழையாத, ஆனால் ஆக்சிஜன் எளிதில் நுழைகிற துளைக்குள் உட்கார வைத்தால்? புரோட்டானைத் துளையில் நிற்கும் தண்ணீர் கொண்டுவரும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்கள் 2018இல் இதை விரிவாகக் காட்டினார்கள். துளை வாய் 4 முதல் 7 நானோமீட்டர் இருந்தால் நல்லது. 2020 டிசம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் காரில் இப்படி இடைத்துளைக் கரிதான் கேத்தோடில் இருக்கிறது. முதல் மிராயில் உள்ளே துளை அதிகம் இல்லாத கெட்டிக் கரி போட்டவர்கள், அடுத்த காரில் துளைக்குத் திரும்பினார்கள்.

ஆகவே தம்பி, துளை தப்பில்லை. உங்கள் துளை ரொம்பப் பொடிசு, அதன் சுவரும் ஒழுங்கில்லாதது. முதல் நாளே நான் இப்படி எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, மாலை 4.55

துளையும் வேண்டும், விளிம்பில்லாத சுவரும் வேண்டும் என்றால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் நிஷிஹாரா குழு செய்வது எனக்கு மிகவும் பிடித்த வழி. நானோ அளவு ஆக்சைடுத் துகள்களின்மேல் மீத்தேனை விட்டு ஒற்றைப் படலமாகக் கார்பனைப் பூசி, துகளைக் கரைத்து எடுத்துவிட்டு, மீதிக் கூட்டை 1,800 டிகிரியில் சூடேற்றுகிறார்கள். பாக்குமட்டையில் மாவு பூசிக் காயவைத்து மட்டையை உருவிய மாதிரி. கூடு நிற்கிறது, விளிம்புகள் ஒன்றோடொன்று தைத்துக்கொள்கின்றன. அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கித் திரும்பவும் எழுகிறது. கிராஃபீன் மீசோஸ்பான்ஜ் என்று பெயர். படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, இரவு 8.40

நம் ஊரில் இதெல்லாம் எங்கே ஓடுகிறது என்று கேட்டவருக்கு: 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்த ஹைட்ரஜன் படகு, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. பெரம்பூர் ஐசிஎஃபில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்தார்கள். ஆராய்ச்சியென்றால் தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய அரசின் ஏஆர்சிஐ ஆய்வு நிறுவனத்தின் ஃபியூயல் செல் மையம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி. படகும் ரயிலும் காரைப்போல் தினம் பத்து முறை நின்று கிளம்புவதில்லை. நின்று கிளம்புவது குறைந்தால் கரிக்கு அந்த அளவுக்கு நிம்மதி.

ஆகஸ்ட் 19, இரவு 10.15

பார்சல் வந்தது. அரைக் கிலோ கரி, பொடித்தது, இரண்டு பாலித்தீன் பையில். நன்றி தம்பி. நீங்கள் அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

5 கிராம் எடுத்துச் சூளையில் வைத்து முழுக்க எரித்தேன். 0.14 கிராம் சாம்பல் மிஞ்சியது, 2.8 சதவீதம். ஃபில்டர் கரிக்கு இது நல்ல எண். சாம்பல் சாம்பல் நிறம்தான், ஆனால் ஓரத்தில் செங்கல் நிறத்தில் லேசான ஒரு கறை. தண்ணீரில் போட்டு லிட்மஸ் வைத்தேன், நீலமானது. தென்னை உறிஞ்சிய பொட்டாசியம் அது, கழுவினால் போய்விடும். செங்கல் நிறம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கரிப்பொடியை ஒரு வெள்ளைத்தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை மெல்ல நகர்த்தினேன். கறுப்புக்குள்ளிருந்து முள் முள்ளாக எழுந்து நின்றன, மீசை முடிபோல். உங்கள் அரவை மில்லின் சுத்தியல் தேய்ந்து விழுந்த இரும்பு. பத்து நிமிடத்தில் கடுகளவு சேர்ந்தது.

7ஆம் தேதி பாதியில் விட்டதை இங்கே முடிக்கிறேன். செல்லுக்குள் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு எப்போதும் உருவாகும். அதோடு இரும்பு அயனி சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்கிற வெறிபிடித்த துண்டு பிறக்கும், நேஃபியான் சங்கிலியை அறுக்கும். வெளியேறும் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறும், சவ்வு மெலிந்து ஒரு நாள் ஊசித்துளை விழும். நான் இருந்த இடத்தில் ஒருமுறை காரணமே தெரியாமல் மூன்று செல்கள் வரிசையாகப் போயின. கடைசியில் மை கலக்கப் பயன்படுத்திய ஸ்டீல் கரண்டிதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் கரண்டி.

ஆகஸ்ட் 20, காலை 6.30

நேற்று எழுதியதைப் படித்து மனம் விட்டுவிடாதீர்கள். உங்கள் கரிக்குக் கதவு திறக்கிற இடம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஃபியூயல் செல் கேத்தோடில் இல்லை.

கரியின் பரப்பில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்குப் பொடித் துளைகள்தான் வேண்டும், அங்கே பிளாட்டினமும் இல்லை, 1.5 வோல்ட் ஈர அமிலமும் இல்லை. ஜப்பானின் குராரே விற்கும் வொய்பி-50எஃப் என்கிற கெப்பாசிட்டர் கரி தேங்காய் ஓட்டில் செய்ததுதான். இன்னொன்று சோடியம் அயன் பேட்டரி. அதன் ஆனோடுக்கு ஹார்ட் கார்பன் வேண்டும். ஃபிராங்க்ளின் சொன்ன அதே பூட்டிக்கொண்ட, கிராஃபைட் ஆகாத கரி. அடுக்குகளுக்கு இடைவெளி கூடுதல் என்பதால் சோடியம் தங்கும், சீரான கிராஃபைட்டில் அது தங்க மறுக்கிறது. அதற்கு நீராவி ஆக்டிவேஷனே கூடாது, பரப்பு குறைவாக இருக்க வேண்டும். சுட்ட கரியை அப்படியே கழுவி, ஆக்சிஜன் படாமல் 1,200 முதல் 1,500 டிகிரியில் மறுபடி சூடேற்ற வேண்டும். 1,100ஐத் துரத்தியதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடக்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 20, இரவு 9.05

தம்பியின் பதில்: "ஆக்டிவேட் பண்ணாத கரி எவ்வளவு வேணும்ங்க?"

இரண்டு கிலோ. மில்லில் விடாதீர்கள். சுட்ட தொட்டியை அப்படியே துண்டாக அனுப்புங்கள், இங்கே மரச் சுத்தியலால் உடைத்துக்கொள்கிறேன். ஒரே தோட்டத்துத் தொட்டியாக இருந்தால் நல்லது, எந்தத் தோட்டம், எப்போது சுட்டது என்று பைமேல் எழுதிவிடுங்கள். நிலத்தில் பட்ட கரியை ஒதுக்குங்கள், மண்ணிலும் இரும்பு உண்டு. சூளைக்கு 27ஆம் தேதி நேரம் வாங்கியிருக்கிறேன்.